நிறுவன வளத் திட்டமிடல் - வழங்கல் சங்கிலி ஒருங்கிணைப்பு

நிறுவன வளத் திட்டமிடல் - வழங்கல் சங்கிலி ஒருங்கிணைப்பு என்பது, ஒரு நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், விற்பனை, உற்பத்தி, இருப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஈஆர்பி மென்பொருளையும், பொருள்கள் எங்கிருந்து எங்கு, எப்போது, எவ்வளவு செல்ல வேண்டும் எனத் திட்டமிடும் வழங்கல் சங்கிலி மேலாண்மை மென்பொருளையும் ஒரே தரவைக் கொண்டு இயங்கச் செய்யும் பணி ஆகும்.

இரு மென்பொருள்களுக்கும் இடையே கம்பி இணைப்போ கோப்புப் பரிமாற்றமோ ஏற்படுத்துவது இப்பணியின் எளிய பகுதி. ஒரு பொருளுக்கு இரு இடங்களிலும் ஒரே குறியீடு, ஒரே அளவை அலகு, ஒரே இருப்பு எண்ணிக்கை இருக்கச் செய்வதே கடினமான பகுதி. இது சரியாக அமையாவிடில், இணைப்பு பிழையைத் தடுப்பதில்லை. பிழையை விரைவாகப் பரப்புகின்றது. மருந்து, உணவு போன்ற பொருள்களில் இதன் விளைவு பண இழப்போடு நிற்பதில்லை.

இரு மென்பொருள்களின் வேறுபாடு

ஈஆர்பி நடந்து முடிந்தவற்றைப் பதிவு செய்கின்றது. கொள்முதல் ஆணை அனுப்பப்பட்டது, சரக்கு வந்தது, விலைப்பட்டியல் வழங்கப்பட்டது, பணம் செலுத்தப்பட்டது ஆகிய ஒவ்வொரு நிகழ்வும் கணக்கேட்டில் ஒரு பதிவாகின்றது. தணிக்கையாளர் கேட்கும்போது காட்ட வேண்டிய பதிவு இதுவே.

வழங்கல் சங்கிலி மென்பொருள் இனி நடக்க வேண்டியதைக் கணிக்கின்றது. அடுத்த மாதத் தேவை எவ்வளவு, எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும், எந்த வண்டியில் எதை ஏற்ற வேண்டும் போன்ற வினாக்களுக்கு அது விடை தேடுகின்றது. இதன் கணிப்புக்கு மூலப்பொருள் ஈஆர்பி தரும் இருப்பும் ஆணைகளும் ஆகும். கணிப்பின் முடிவு மீண்டும் ஈஆர்பிக்குக் கொள்முதல் ஆணையாகவோ உற்பத்தி ஆணையாகவோ திரும்புகின்றது. எனவே தரவு ஒரு வட்டமாகச் சுற்றி வருகின்றது. வட்டத்தின் ஓரிடத்தில் புகும் பிழை, சுற்றி வரும்போது பெரிதாகும் இயல்புடையது.

வரலாறு

1960களில் கணினியைக் கொண்டு மூலப்பொருள் தேவையைக் கணக்கிடும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் ஆர்லிக்கி உருவாக்கினார். இம்முறை எம்ஆர்பி எனப்பட்டது. 1972இல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் செருமனியில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஆர்/3 என்னும் மென்பொருள் 1992இல் வெளிவந்தது. ஈஆர்பி என்னும் பெயரைக் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 1990இல் பயன்படுத்தியது.

வழங்கல் சங்கிலி மேலாண்மை என்னும் தொடரைப் பரவலாக்கியவர் கீத் ஆலிவர் என்னும் மேலாண்மை அறிவுரைஞர் ஆவார். அவர் 1982இல் இதனைப் பயன்படுத்தினார். திட்டமிடலுக்கெனத் தனி மென்பொருள் வழங்கிய ஐ2 டெக்னாலசீசு நிறுவனத்தை 1988இல் சஞ்சீவ் சித்துவும் கென் சர்மாவும் நிறுவினர். ஈஆர்பி ஒரு நிறுவனத்திடமிருந்தும், திட்டமிடல் மென்பொருள் வேறொரு நிறுவனத்திடமிருந்தும் வாங்கப்பட்ட 1990களில்தான் ஒருங்கிணைப்பு ஒரு தனித் துறையாக வளர்ந்தது. பின்னர் எஸ்ஏபி முதலிய ஈஆர்பி நிறுவனங்களே திட்டமிடல் மென்பொருளையும் வழங்கத் தொடங்கின. ஐ2 நிறுவனத்தை ஜேடிஏ நிறுவனம் 2010இல் வாங்கியது. ஜேடிஏ தற்போது புளூ யாண்டர் எனப்படுகின்றது.

பரிமாறப்படும் தரவு

பொதுவாகப் பின்வரும் தரவுகள் இரு மென்பொருள்களுக்கும் இடையே செல்கின்றன.

* அடிப்படைத் தரவு: பொருள், வழங்குநர், வாடிக்கையாளர், கிடங்கு ஆகியவற்றின் குறியீடுகளும் விவரங்களும். இவை அரிதாகவே மாறும்.
* பரிவர்த்தனைத் தரவு: விற்பனை ஆணை, கொள்முதல் ஆணை, சரக்கு வரவு, சரக்கு அனுப்புகை. இவை நாள் முழுதும் உருவாகும்.
* இருப்பு நிலை: எந்தக் கிடங்கில், எந்தப் பொருள், எந்த நிலையில் உள்ளது என்னும் விவரம். கையில் உள்ள இருப்பு, வழியில் உள்ள இருப்பு, சோதனைக்காக நிறுத்தப்பட்ட இருப்பு ஆகியவை தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும்.
* திட்ட முடிவுகள்: திட்டமிடல் மென்பொருள் பரிந்துரைக்கும் ஆணைகளும் நாள்களும்.

இணைக்கும் முறைகள்

தொடக்க காலத்தில் நாள்தோறும் இரவில் ஈஆர்பியிலிருந்து உரைக்கோப்புகள் எடுக்கப்பட்டு, திட்டமிடல் மென்பொருளில் ஏற்றப்பட்டன. இம்முறை எளியது. ஆனால் காலையில் திட்டமிடுபவர் காண்பது முந்தைய நாள் இருப்பு ஆகும்.

நிறுவனங்களுக்கு இடையே ஆணைகளையும் விலைப்பட்டியல்களையும் பரிமாற இடிஐ என்னும் மின்னணுத் தரவுப் பரிமாற்ற முறை பயன்படுகின்றது. 2000களில் எக்ஸ்எம்எல் வடிவச் செய்திகளும், இவற்றை வாங்கி மாற்றி அனுப்பும் இடைநிலை மென்பொருள்களும் பரவின. தற்போது இணையவழி இடைமுகங்கள் மூலம் நிகழ்வு நடந்தவுடன் தரவு அனுப்பப்படுவது வழக்கம்.

எம்முறையாயினும் மூன்று சிக்கல்களுக்குத் தீர்வு தேவை. முதலாவது, ஒரே செய்தி இருமுறை வந்து சேர்தல். ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்து, ஏற்கனவே வந்த எண்ணைப் புறக்கணிப்பதன் மூலம் இது தவிர்க்கப்படுகின்றது. இரண்டாவது, செய்திகள் வரிசை மாறி வருதல். ஓர் ஆணை உருவாகும் முன்பே அதன் நீக்கம் வந்து சேர்ந்தால், நீக்கப்பட்ட ஆணை உயிருடன் நிற்கும். மூன்றாவது, செய்தி வராமலே போதல். இதனைச் செய்தி அனுப்பும் நிரல் தானாக அறியாது. இரு பக்கத்து எண்ணிக்கைகளையும் நாள்தோறும் ஒப்பிடும் தனிச் சரிபார்ப்பு வேண்டும்.

அளவை அலகுப் பிழை: ஓர் எடுத்துக்காட்டு

சென்னை தியாகராய நகரில் உள்ள ஓர் ஆயத்த ஆடைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். தீபாவளிக்கு ஒரு வகைச் சட்டை 400 தேவை எனக் கணிக்கப்படுகின்றது. கிடங்கில் 40 பெட்டிகள் உள்ளன. பெட்டிக்கு 10 சட்டைகள். ஆக, தேவையான 400 சட்டைகளும் ஏற்கனவே கையில் உள்ளன. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஈஆர்பியில் இருப்பு பெட்டிக் கணக்கிலும், திட்டமிடல் மென்பொருளில் ஒற்றைச் சட்டைக் கணக்கிலும் உள்ளதாகவும், இணைப்பு நிரல் அலகை மாற்றாமல் எண்ணை மட்டும் அனுப்புவதாகவும் கொள்வோம். திட்டமிடல் மென்பொருள் இருப்பு 40 சட்டைகள் எனப் புரிந்துகொண்டு, 360 வாங்கப் பரிந்துரைக்கும். அப்பரிந்துரை ஈஆர்பிக்குத் திரும்பும்போது 360 பெட்டிகளாகும். ஒரு சட்டையும் வாங்கத் தேவையில்லாத கடைக்கு 3,600 சட்டைகளுக்கான கொள்முதல் ஆணை உருவாகிவிடும்.

இரு மென்பொருள்களும் தத்தம் அளவில் சரியாகவே இயங்கியுள்ளன. எந்தத் திரையிலும் பிழைச்செய்தி தோன்றாது. தீபாவளிக்குப் பின் கிடங்கில் எஞ்சும் சட்டைகளே பிழையைக் காட்டும். இதனால்தான், இணைப்பு நிரல் எழுதும் முன் அடிப்படைத் தரவைத் தூய்மைப்படுத்துவது முதற்பணியாகக் கருதப்படுகின்றது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

கொள்முதல், கிடங்கு, தரச் சோதனை, கணக்கு ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் இணைத்ததற்குத் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சென்னை எழும்பூரில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆகும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவதற்காக 1994இல் இக்கழகம் தொடங்கப்பட்டது. 1995 முதல் மருந்து வழங்கி வருகின்றது. இது வணிக ஈஆர்பி மென்பொருள் ஒன்றை நிறுவியதன் கதை அன்று. எனினும் ஒருங்கிணைப்பின் அடிப்படைகள் இதில் தெளிவாகக் காணப்படுகின்றன.

முதலில் மருந்துப் பட்டியல் வரையறுக்கப்பட்டது. வணிகப் பெயர்களுக்குப் பதிலாக, மருந்தின் பொதுப்பெயர், செறிவு, பொதி அளவு ஆகியவை நிலையாகக் குறிக்கப்பட்டன. இதன் மூலம் மாநிலம் முழுவதும் ஒரு மருந்துக்கு ஒரே அடையாளம் கிடைத்தது. ஒப்பந்தப்புள்ளி வழியே விலை முடிவான பின், வழங்குநர்கள் மருந்துகளை மாவட்டக் கிடங்குகளுக்கு நேரடியாக அனுப்புகின்றனர்.

கிடங்கை அடைந்த மருந்து உடனே வழங்கப்படுவதில்லை. பேட்ச் எனப்படும் தயாரிப்புத் தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகச் சோதனைக்கு அனுப்பப்படுகின்றது. முடிவு வரும் வரை அத்தொகுதி தனியே நிறுத்தி வைக்கப்படுகின்றது. மென்பொருள் மொழியில் கூறினால், கிடங்கில் இருக்கும் இருப்பும் வழங்கத்தக்க இருப்பும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டைக் காட்டாத எந்தக் கணிப்பும், இன்னும் சோதிக்கப்படாத மருந்தை நோயாளிக்கு உரியதாக எண்ணிவிடும். ஒரு தொகுதி தரமற்றது எனத் தெரியவந்தால், அது எந்தெந்தக் கிடங்கில், எந்தெந்த மருத்துவமனையில் உள்ளது என்பதை உடனடியாக அறிய வேண்டும். தொகுதி எண் ஓரிடத்தில் விடுபட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

இக்கழகத்தின் மற்றொரு சிறப்பு கையேட்டு முறை ஆகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் ஆண்டு ஒதுக்கீட்டுத் தொகை குறிக்கப்பட்ட கையேடு வழங்கப்படுகின்றது. வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற இதில், மருத்துவமனை எடுக்கும் மருந்தின் மதிப்பு ஒவ்வொரு முறையும் கழிக்கப்படுகின்றது. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவமனையே முடிவு செய்கின்றது. இதனால் ஒரே பதிவு மூன்று பணிகளைச் செய்கின்றது. அது கிடங்குக்கு வழங்கல் சீட்டு. நிதிப் பிரிவுக்குச் செலவுக் கணக்கு. திட்டமிடுவோருக்கு உண்மையான நுகர்வுத் தரவு. ஈஆர்பியும் வழங்கல் சங்கிலி மென்பொருளும் இணைந்து தர வேண்டிய பயன் இதுவே.

பிற்காலத்தில் கேரளம், இராசசுத்தான் முதலிய மாநிலங்களும் இதைப் போன்ற மருத்துவக் கழகங்களை ஏற்படுத்தின. வரையறை முதலில், கணினி பின்னர் என்னும் வரிசை இவ்வமைப்பிலிருந்து பெறத்தக்க பாடம்.

அறியப்பட்ட தோல்விகள்

இவ்வரிசை மாறியபோது ஏற்பட்ட இழப்புகள் அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றின் அனுபவத்தில் பதிவாகியுள்ளன.

* ஃபாக்சுமேயர்: டெக்சசு மாநிலத்தைச் சேர்ந்த இம்மருந்து மொத்த விற்பனை நிறுவனம், எஸ்ஏபி ஆர்/3 மென்பொருளையும் தானியங்கிக் கிடங்கு அமைப்பையும் ஒரே காலத்தில் நிறுவ முயன்றது. 1996 ஆகத்தில் நொடிப்பு நிலையை அறிவித்தது. மென்பொருள் திட்டம் இதற்கு எந்த அளவு காரணம் என்பது பின்னர் நீதிமன்ற வழக்குகளில் விவாதிக்கப்பட்டது.
* எர்சி: இந்த இனிப்பு நிறுவனம் எஸ்ஏபியின் ஈஆர்பி, மானுசிசுடிக்சின் திட்டமிடல் மென்பொருள், சீபெல்லின் வாடிக்கையாளர் மென்பொருள் ஆகிய மூன்றையும் 1999 சூலையில் ஒருசேர இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. செலவு சுமார் 11.2 கோடி டாலர். அந்நாட்டில் இனிப்பு மிகுதியாக விற்கும் ஆலோவீன் பருவம் நெருங்கிய வேளையில், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆணைகளை அனுப்ப இயலவில்லை. கிடங்குகளில் சரக்கு இருந்தது. பருவ நெருக்கடியில் ஊழியர்கள் வழக்கமாகச் சரக்கு அடுக்கும் தற்காலிக இடங்கள் சில, புதிய மென்பொருளில் சேமிப்பிடங்களாகப் பதிவாகவில்லை என அப்போதைய செய்திகள் கூறின. அக்காலாண்டில் இலாபம் 19 விழுக்காடு குறைந்தது.
* நைக்கி: ஐ2 நிறுவனத்தின் தேவைக் கணிப்பு மென்பொருளைத் தன் பழைய ஆணைப் பதிவு முறைமைகளுடன் இணைத்து இயக்கியபோது, விற்காத காலணிகள் மிகுதியாகவும் விற்பவை குறைவாகவும் தருவிக்கப்பட்டன. சுமார் 10 கோடி டாலர் விற்பனை இழப்பு 2001இல் அறிவிக்கப்பட்டது. நைக்கி தன் ஈஆர்பி பணியைக் கைவிடவில்லை, படிப்படியாக நிறைவேற்றியது.

எர்சியில் சரக்கு இருந்தும் அனுப்ப இயலாமை, ஊழியர்கள் அறிந்திருந்ததைக் கணினி அறியாததால் நேர்ந்தது. கிடங்கு ஊழியரின் நினைவில் மட்டும் உள்ள இத்தகைய வழக்கங்களைத் தேடிப் பதிவு செய்வதும் ஒருங்கிணைப்புப் பணியின் ஒரு பகுதி ஆகும். மேலும், பருவ விற்பனைக்குச் சற்று முன் புதிய முறைமையை இயக்கத்துக்குக் கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும் என்பது இதன் பின்னர் பொது விதியாயிற்று. தமிழகச் சில்லறை வணிகத்தில் ஆலோவீனுக்கு ஈடான காலம் ஆடித் தள்ளுபடி முதல் பொங்கல் வரையிலான மாதங்கள் ஆகும்.

இந்திய வரிச் சட்டங்களின் தாக்கம்

இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரி 2017 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு செல்வதற்கு மின்வழிச் சீட்டு 2018 ஏப்பிரல் 1 முதல் கட்டாயமாயிற்று. இச்சீட்டில் விலைப்பட்டியல் விவரம் ஈஆர்பியிலிருந்தும், வண்டி எண் போக்குவரத்து மென்பொருளிலிருந்தும் வர வேண்டும். இரண்டும் ஒன்றுபடாவிட்டால் வண்டி வழியில் நிறுத்தப்படலாம். ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைக் கடந்த நிறுவனங்களுக்கு 2020 அக்டோபர் 1 முதல் மின்விலைப்பட்டியல் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 ஆகத்து 1 முதல் 5 கோடி ரூபாயாயிற்று. இதனால், முன்பு பெருநிறுவனங்களின் கவலையாக இருந்த ஒருங்கிணைப்பு, நடுத்தர நிறுவனங்களுக்கும் தேவையாயிற்று.

ஒருங்கிணைப்பின் எல்லை

சரியாக இணைக்கப்பட்ட மென்பொருளும், தனக்குச் சொல்லப்பட்ட உலகத்தையே அறியும். 2015 திசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. சென்னை விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. புறநகர் வாகனத் தொழிற்சாலைகள் பல உற்பத்தியை நிறுத்தின. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் செல்ல இயலாததால், 1878இல் தொடங்கப்பட்ட தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு திசம்பர் 2 அன்று வெளிவரவில்லை.

இத்தகைய நாள்களில், சாலை உண்டு என்னும் எடுகோளில் அமைந்த திட்டம் தவறான விடையையே தரும். எனவே ஒரு கிடங்கையோ வழித்தடத்தையோ கையால் நீக்கி மறுகணிப்புச் செய்யும் வசதியும், இணைய இணைப்பு அற்றபோது சீட்டில் எழுதி, பின்னர் முறையாகப் பதிவேற்றும் நடைமுறையும் முன்கூட்டியே அமைக்கப்படுகின்றன. மீண்டும் இணைப்பு வந்தவுடன் இரு பக்க இருப்பையும் நேரில் எண்ணிச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

சென்னையில் ஈஆர்பி மென்பொருள் உருவாக்கம்

இந்தியாவில் உருவாக்கப்பட்ட தொடக்க கால ஈஆர்பி மென்பொருள்களுள் ஒன்று மார்ஷல் ஆகும். இராசபாளையத்தில் வேரூன்றிய இராம்கோ தொழிற்குழுமத்தைச் சேர்ந்த இராம்கோ சிஸ்டம்சு இதனை 1990களில் வெளியிட்டது. இந்நிறுவனத்தின் தலைமையகம் அடையாற்றுக்கு அருகே, சர்தார் பட்டேல் சாலையில் தரமணியில் உள்ளது. குழுமத்தின் சிமெந்து நிறுவன அலுவலகம் மயிலாப்பூர் இராதாகிருஷ்ணன் சாலையில் அமைந்துள்ளது. நூற்பாலையும் சிமெந்தும் நடத்திய ஒரு குழுமத்திலிருந்து ஈஆர்பி மென்பொருள் தோன்றியது குறிப்பிடத்தக்கது.

இராம்கோ சிஸ்டம்சு பின்னர் சம்பளக் கணக்கு, சரக்குப் போக்குவரத்து, வானூர்திப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்களிலும் ஈடுபட்டது. வானூர்திப் பராமரிப்பில் ஒவ்வோர் உதிரிப்பாகமும் தனி எண்ணால் பின்தொடரப்படுகின்றது. பாகம் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிநேரம் பறந்தது, எப்போது கழற்றப்பட வேண்டும் என்பன கணக்கு, கிடங்கு, பராமரிப்பு ஆகிய மூன்று பதிவுகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அரசு மருத்துவமனைக்குச் செல்லும் மாத்திரையின் தொகுதி எண்ணைப் போலவே, இங்கும் ஒரு எண்ணின் பிழையின்மையை நம்பியே உயிர்கள் உள்ளன.